கலும்பு மாற்றிச் சொன்ன சொற்கள்

எங்கள் பக்கத்தில் குவாண்டோ ஆறு ஓடுகிற ஆறு மாதிரியே தெரியாது. நாணலுக்குள் புகுந்து, நின்று, ஏதோ நினைத்துப் பார்த்துவிட்டு மெல்ல நகரும். அக்கரை அங்கோலா, இக்கரை ஜாம்பியா. குளிர்காலக் காலைகளில் பனி எழும்போது இரண்டு கரையும் காணாமல் போய்விடும். தோணியில் நிற்கிறவன் வானத்தில் நிற்பதுபோல இருப்பான். அப்படி ஒரு காலையில்தான் கலும்பு எட்டு வயதுப் பிள்ளையாக, தாயின் மடியில் உட்கார்ந்தபடி இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தாள். அவர்களுக்குப் பின்னால் போர். தகப்பன் அடுத்த தோணியில் வருவதாகச் சொல்லியிருந்தான். அந்தத் தோணி வரவே இல்லை.

முகாமில் வளர்ந்தாள். அவள் அம்மாவுக்கு முபுண்டா மொழி ஒன்றுதான் தெரியும், கோபமும் அந்த மொழியில்தான் வரும். மாவு அளந்து கொடுக்கும் வரிசையில் நின்றுகொண்டு, அளக்கிற ஆளைப் பார்த்து அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டுவாள். என்ன சொல்கிறாள் என்று அவன் பிள்ளையைக் கேட்பான். கலும்பு அண்ணாந்து பார்த்து, எங்கள் லோசி மொழியில், "போன வாட்டி குடுத்த மாவு நல்லா இருந்துச்சாம். ஐயா நல்லா இருக்கணும்னு சொல்றாங்க" என்பாள். அவன் சிரித்துக்கொண்டு இன்னும் ஒரு கை அள்ளிப் போடுவான். அம்மா திரும்பி வரும்போது, "பாத்தியா, அதட்டினாத்தான் இவனுங்களுக்கு கை நீளுது" என்பாள்.

இப்படியே பழகிவிட்டது. எந்தச் சொல்லும் அவள் வழியாகப் போனால் முள் கழன்றுதான் மறுபக்கம் போய்ச் சேரும். பொய் சொல்கிறோம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. தானியத்தை உமி நீக்கிக் கொடுப்பதைப்போலத்தான் அது அவளுக்கு. அக்கரையில் இருந்தபோது பள்ளியில் போர்த்துகீசு படித்திருந்தாள். முகாம் பள்ளியில் ஆங்கிலம் கற்றுக்கொண்டாள். பதினைந்து வயதுக்குள் நான்கு மொழி நாக்கில் நின்றது. நான்கிலும் யாருடைய மனமும் புண்படாமல் பேசுவாள்.

போர் முடிந்து, ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்ப லாரிகள் வந்தபோது அவள் அம்மா உயிரோடு இல்லை. கலும்பு லாரி ஏறவில்லை. எங்கள் ஊர் சிலியோவாவில் தோணி தள்ளி மீன் பிடிக்கும் சித்வாலாவைக் கட்டிக்கொண்டாள். அவன் நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். நாலு மொழி தெரிந்தவள், ஒரு மொழிகூடப் பேசாதவனைப் பிடித்திருக்கிறாள் என்று ஊரில் கேலி செய்தோம். அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

ஊருக்குப் பின்னால் காடு. வெள்ளை மணல் அது, நடந்தால் காலடிச் சத்தமே கேட்காது. முகுசி மரங்களும் முசவுலி மரங்களும் நெருங்கி நிற்கும். முகுசி பூக்கும் காலத்தில் மணல்மேல் ஊதா இதழ்கள் கிடக்க, யாரோ விரித்துவிட்டு எடுக்க மறந்த துணிமேல் நடக்கிற மாதிரி இருக்கும். முசவுலி விதைக்குச் சிவப்புத் தோல். பெண்கள் அதைப் பொறுக்கி வந்து ஊறவைத்தால் பானத்துக்கு அந்தி நிறம் வரும். அதே மரத்தை அக்கரையில் முசிவி என்பார்கள். அதன் கட்டைக்குத் தூரதேசத்தில் நல்ல விலை என்று தெரிந்த பிறகு, இரண்டு கரையிலும் லாரித் தடம் விழ ஆரம்பித்தது. வெட்டியது போக மிஞ்சியதைத் தீ தின்றது.

இதற்கிடையில் ஐந்து நாடுகள் சேர்ந்து, இந்தப் பக்கத்துக் காடுகளையும் விலங்குகளையும் எல்லை பார்க்காமல் ஒன்றாகக் காப்பதென்று கையெழுத்துப் போட்டிருந்தன. எங்கள் ஊருக்கு அந்தச் சேதி இரண்டு அதிகாரிகளின் உருவத்தில் வந்தது. இக்கரையிலிருந்து வனத்துறையின் முபுக்வானு, அக்கரையிலிருந்து எவரிஸ்து. முபுக்வானு லோசி பேசுகிறவர். எவரிஸ்து கடற்கரை நகரத்துக்காரர், போர்த்துகீசு தவிர வேறு எதுவும் தெரியாது. இரண்டு பேருக்கும் முதல் கவலை அக்டோபர் மாதத்துத் தீ. அந்த மாதம் புல் முழுக்கக் காய்ந்திருக்கும். தீ மரத்தின்மேல் ஏறி உச்சியைப் பிடித்துவிடும்.

தேன் எடுக்கிறவர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்றார்கள். அக்கரையில் இரண்டு நாள் நடை தொலைவில் இருக்கும் முபுண்டாக்காரர்கள் அவர்கள். ஒவ்வோர் அக்டோபரும் தோணியில் ஆற்றைக் கடந்து வந்து, எங்கள் பக்கத்து மரங்களில் தாங்களே பட்டையால் செய்து தொங்கவிட்ட கூடுகளில் தேன் எடுப்பார்கள். கையில் தேனீயை விரட்டப் புகைப் பந்தம் இருக்கும். மீன் பேரம் பேசுகிற அளவுக்கு இங்கே எல்லோருக்கும் எல்லா மொழியும் வரும். ஒப்பந்தம் பேசுகிற அளவுக்குக் கலும்பு ஒருத்திக்குத்தான் வந்தது. அவளை நடுவில் உட்காரவைத்தார்கள்.

முதலில் பேசியது எங்கள் ஊர்த் தலைவர் லிஷோம்வா. நெட்டையான மனிதர், பேசும்போது யாரையும் பார்க்க மாட்டார், ஆற்றைப் பார்ப்பார். "ஆகஸ்டுக்கு அப்புறம் ஒருத்தனும் பந்தத்தோட எங்க காட்டுல கால் வைக்கக் கூடாது. வெச்சா தோணியப் புடுங்கிப்போம். இதுல பேச்சுக்கே எடமில்ல" என்றார்.

கலும்பு முபுண்டாவில் சொன்னாள்: "புல்லு காஞ்சப்புறம் பந்தத்தக் கொஞ்சம் பாத்துப் புடிங்கன்னு தலைவர் கேட்டுக்கறாரு."

தேன்காரர்களின் மூத்தவர் சகயோம்போ, தாடியை நீவிக்கொண்டு யோசித்தார். "இந்த ஆத்த எல்லைன்னு சொன்னது நாங்க இல்ல. எங்கப்பா கூடு கட்டின மரம் இங்கதான் நிக்குது. அக்டோபர்லதான் தேன் முத்தும். வருவோம். அதுக்கு யார்கிட்டயும் கேக்க மாட்டோம்" என்றார்.

கலும்பு லோசியில் சொன்னாள்: "நீங்க சொன்னபடியே நடந்துக்கறோம்கறாங்க, ஐயா."

இரண்டு பக்கமும் மரியாதையாகக் கை தட்டியது. முபுக்வானு தான் கேட்டதை ஆங்கிலத்தில் எழுதினார்: ஆகஸ்டுக்குப் பிறகு காட்டில் பந்தம் இல்லை. எவரிஸ்து, கலும்பு தனக்கு மாற்றிச் சொன்னதைப் போர்த்துகீசில் எழுதினார்: பந்தத்தைக் கவனமாகக் கையாள்வது. இரண்டு தாளிலும் எல்லோரும் விரல் பதித்தார்கள். எல்லோரும் களியும் மீனும் சாப்பிட்டார்கள். அன்று மாலை கலும்பு ஏதோ பாட்டை முனகிக்கொண்டே பாத்திரம் கழுவினதை நானே பார்த்தேன்.

அடுத்த மே மாதம் நாங்கள் வழக்கம்போலக் காட்டுக்குள் சின்னத் தீ வைத்தோம். மே மாதம் புல் பாதி பச்சையாக இருக்கும், தீ முழங்கால் உயரத்துக்குமேல் எழாது. அங்கங்கே பட்டை பட்டையாக எரித்துவிட்டால், அக்டோபரில் பெரிய தீ வந்தாலும் தின்ன ஒன்றும் இருக்காது. ஆனால் ஆற்றோரம் இருந்த முசவுலித் தோப்பைச் சுற்றி மட்டும் எரிக்காமல் விட்டோம். அங்கே இளங்கன்றுகள் நிறைய இருந்தன. பந்தம்தான் இனி வராதே, அதுகளை ஏன் சுடவேண்டும் என்று லிஷோம்வா சொல்லிவிட்டார்.

அக்டோபரில் தேன்காரர்கள் வந்தார்கள். கவனமாகத்தான் வந்தார்கள். பந்தத்தை மணலில் குத்தி அணைத்துவிட்டுத்தான் அடுத்த மரத்துக்குப் போனார்கள். ஆனாலும் ஒரு பொறி எங்கோ விழுந்து, காற்றுக்காகக் காத்திருந்தது.

மூன்று நாள் எரிந்தது. பகலில் சூரியன் செம்புத் தட்டைப்போலப் புகைக்குள் தொங்கியது. சாம்பல் விழுந்து ஆறு வெளுத்துப்போனது. தோப்பில் பாதிக்குமேல் போயிற்று. கிளை ஒடித்துத் தீயை அடிக்கப் போன சித்வாலாவின் இடது கை, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வெந்துவிட்டது. கலும்பு அவன் கையில் தேன் தடவிக் கட்டினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாக்குக் குடுத்துட்டு வந்தானுங்க பாரு" என்றான். வெகுநாளைக்குப் பிறகு அவன் பேசிய நீளமான வாக்கியம் அது. அவள் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். சுற்ற வேண்டியதற்குமேல் சுற்றினாள்.

அதற்குள் லிஷோம்வா மூன்று தோணிகளைப் பிடுங்கிக் கரையில் ஏற்றிவிட்டார். சகயோம்போவும் இன்னும் நான்கு பேரும் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள், தோணி இல்லாமல் எழுந்திருக்க மாட்டோம் என்று. ஐந்தாம் நாள் அக்கரையில் ஆட்கள் கோடாலியோடு கூடுவது நாணல் வழியாகத் தெரிந்தது. அதிகாரிகள் இரண்டு பேரும் விழுந்தடித்துக்கொண்டு வந்தார்கள்.

மறுபடி கூட்டம். லிஷோம்வா தன் தாளைத் தூக்கிக் காட்டினார். சகயோம்போ மடியிலிருந்து தன் தாளை எடுத்து விரித்தார். இரண்டு பேரும் துரோகம் என்கிற சொல்லைச் சொன்னார்கள், தங்கள் தங்கள் மொழியில். பிறகு இரண்டு பேரும் கலும்புவைப் பார்த்தார்கள், சொல்லு என்று.

அவள் எழுந்து நின்றாள். பிறகு லோசியில், மெதுவாக, "ஐயா, நீங்க போன வருசம் சொன்னத நான் அவங்ககிட்டச் சொல்லல. வேற சொன்னேன். அவங்க சொன்னதையும் உங்ககிட்டச் சொல்லல. சண்ட வராம இருக்கட்டும்னு செஞ்சேன். ரெண்டு பக்கத்துலயும் யாரும் வாக்கு மீறல" என்றாள். அதையே முபுண்டாவில் சொன்னாள். எவரிஸ்துவிடம் போர்த்துகீசில் சொன்னாள். முபுக்வானு முதலிலேயே கேட்டுவிட்டார் என்றாலும், அவர் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறதென்று அந்த மொழியிலும் சொன்னாள். பிறகு இரண்டு பக்கமும் உண்மையில் என்ன சொன்னது என்பதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள். ஒரு வருடமாக அந்தச் சொற்கள் அவளுக்குள் அப்படியே இருந்திருக்கின்றன.

எரிந்த தோப்பிலிருந்து இன்னும் மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது.

"அப்போ நான் அன்னிக்குப் பேசினது காத்தோட போச்சா?" என்றார் லிஷோம்வா, ஆற்றைப் பார்த்து.

அதை அவள் முபுண்டாவில் சொன்னதும் சகயோம்போ கேட்டார்: "தங்கச்சி, எங்கப்பா மரத்தப் பத்தி நான் சொன்னேனே, அது?"

"அதையும் சொல்லலண்ணே."

அவர் மணலைக் கிளறினார். "அப்போ நாங்க ரெண்டு பக்கமும் இன்னும் பேசவே ஆரம்பிக்கல" என்றார். "உக்காரு. இப்பச் சொல்லு. எதையும் கொறைக்காத."

அன்று பொழுது சாயும்வரை பேசினார்கள். அந்த மாதிரிப் பேச்சை எங்கள் ஊர் கேட்டதில்லை. பேச்சு என்றும் சொல்ல முடியாது, பாதி ஏச்சுதான். கலும்பு எல்லாவற்றையும் முள்ளோடு எடுத்து மறுபக்கம் வைத்தாள். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, குரல் மட்டும் தடுமாறவில்லை. ஒரு கட்டத்தில் லிஷோம்வா பொறுமை இழந்து, ஆட்டுத் தாடி வைத்த திருடனோடு எனக்கு என்ன பேச்சு என்று கத்திவிட்டார். கலும்பு ஒரு கணம் நின்றாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தோம். அதையும் சொல்லிவிட்டாள்.

சகயோம்போ கையை மெல்லத் தாடிக்குக் கொண்டுபோனார். "ஆட்டுத் தாடின்னா சொன்னாரு?" என்றார். "என் பொண்டாட்டியும் அதத்தான் சொல்றா. ரெண்டு பேரும் எங்கயாவது பாத்துப் பேசிக்கிட்டாங்களா?"

அவள் அதை லோசியில் சொன்னபோது லிஷோம்வாவின் தோள் குலுங்கியது. சிரிப்பை மறைக்க ஆற்றின் பக்கம் இன்னும் கொஞ்சம் திரும்பிக்கொண்டார்.

பேச்சு அடுத்த நாளும் தொடர்ந்து, மூன்றாம் நாள் உடன்பாடு வந்ததும் தோணிகளை ஆற்றில் இறக்கிவிட்டார்கள். தேன்காரர்கள் அக்டோபரில் வரலாம், ஆனால் திறந்த பந்தம் இல்லாமல், மூடி போட்ட தகர டப்பாவில் புகை போட்டுக்கொண்டு, எங்கள் ஆட்கள் இரண்டு பேரோடு. உயிர் மரத்தின் பட்டையை உரித்துக் கூடு செய்வதில்லை, விழுந்த கட்டையைக் குடைந்து செய்வது. எரிந்த தோப்புக்குள் பத்து வருடத்துக்கு யாருடைய கோடாலியும் நுழைவதில்லை, எந்தக் கரைக்காரரானாலும். மே மாதத் தீயை இரண்டு ஊரும் சேர்ந்து வைப்பது, ஒரு வருடம் இங்கே தொடங்கி, மறு வருடம் அங்கே. இந்த முறை இரண்டு தாளையும் கலும்புவை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் விரல் பதித்தார்கள்.

கடைசியாக லிஷோம்வா, இனி இந்தப் பெண் நடுவில் உட்காரக் கூடாது என்றார். அதையும் அவள்தான் முபுண்டாவில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் சித்வாலா ஒரு வாக்கியம்தான் பேசினான்: "ஊருக்குச் சொன்னத மொதல்ல எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்." அதற்குப் பிறகு வழக்கமான பத்து வார்த்தையும் நின்றுவிட்டது. மழை வந்தது. ஆறு சமவெளியில் பரவி, புல் நுனிகள் மட்டும் தண்ணீருக்குமேல் தெரிந்தன. அவன் கை ஆறி, தோல் இளஞ்சிவப்பாக, முசவுலி விதைபோலப் பளபளத்தது. அவள் காலையில் களி கிண்டி வைப்பாள், அவன் சாப்பிட்டுவிட்டு வலையை எடுத்துக்கொண்டு போவான். அந்த மாதங்களில் அவள் ஊரில் நடமாடியது தண்ணீருக்கு அடியில் நடப்பவள் மாதிரி இருந்தது. கூப்பிட்டால் சற்றுக் கழித்துத்தான் திரும்புவாள்.

ஒரு விடியற்காலை அவன் தோணியை இறக்கிவிட்டு, ஏறு என்பதாகத் தலையை அசைத்தான். பனிக்குள் போனார்கள். கரை மறைந்த பிறகு துடுப்பைக் குறுக்கே வைத்துவிட்டு, "நான் ஒருத்தரத் திட்டணும். மாத்திச் சொல்லாம சொல்லுவியா?" என்றான்.

"யாருக்குச் சொல்லணும்?"

"உனக்குத்தான்."

அவன் என்ன திட்டினான் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெயில் ஏறித் திரும்பி வந்தபோது இரண்டு பேர் முகமும் வீங்கியிருந்தது. தோணியில் மீன் ஒன்றுகூட இல்லை. அன்றிலிருந்து அவன் நாளைக்கு இருபது வார்த்தை பேசினான்.

மே மாதக் கூட்டத்துக்கு நகரத்திலிருந்து வேறொரு மொழிபெயர்ப்பாளரை அனுப்பியிருந்தார்கள். கண்ணாடி போட்ட, நல்ல மனிதர். போர்த்துகீசைப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி பேசினார். முபுண்டா அவருக்கு நூறு வார்த்தை வரும். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று சகயோம்போ சொல்ல, அவர் அதை ஏதோ பசுமாட்டைப் பற்றிய பேச்சாக எங்களுக்குச் சொன்னார். மதியத்துக்குள் சகயோம்போ எழுந்துவிட்டார். அந்தப் பொய்க்காரியைக் கூப்பிடுங்கள் என்றார், அவருக்குத் தெரிந்த அரைகுறை லோசியில்.

லிஷோம்வா முகத்தைச் சுளித்தார்.

"பொய் சொன்னா அவ மொகம் எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும்" என்றார் சகயோம்போ. "இந்த ஐயா மொகம் எங்களுக்குத் தெரியாது."

அவள் வந்தாள். லிஷோம்வா தன் பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார், அவ்வளவுதான்.

அன்று பிற்பகல் இரண்டு ஊரும் சேர்ந்து தீ வைத்தது. தேன்காரர்கள் புல்லை ஒடித்து மேலே வீசி, அது விழும் பக்கத்தைப் பார்த்து, இங்கே, இப்போது என்பார்கள். கலும்பு அதை எங்களுக்குச் சொல்லுவாள். தீ மேயப் போகிற மாடுபோல அவசரமில்லாமல் நகர்ந்தது. முகுசி அடிமரங்களைச் சுற்றி நக்கிவிட்டு ஒதுங்கியது. புகை நீலமாகத் தாழ்ந்து நின்றதில் ஆட்கள் இடுப்பு வரைதான் தெரிந்தார்கள். இரண்டு மொழியும் அதற்குள் அங்கங்கே மிதந்தன. யார் எந்த ஊர் என்று சொல்ல முடியவில்லை. பனி இறங்கியதும் தீ தானாகவே படுத்துவிட்டது.

அதற்குப் பிறகு ஆறு மே மாதங்கள் போயிருக்கின்றன. அக்டோபர் தீ அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் எரித்த பட்டைவரை வந்து, தின்ன ஒன்றும் இல்லாமல் நின்றது. வெட்டும் லாரிகள் வேறு பக்கம் போகக் கற்றுக்கொண்டன. அங்கே யார் அவர்களை நிறுத்துகிறார்களோ தெரியாது. தோப்பில் வேரடியிலிருந்து துளிர்த்த முசவுலிகள் இப்போது கலும்புவின் தோள் உயரம் இருக்கின்றன. வருடத்துக்கு இரண்டு முறை அவள் முபுக்வானுவோடும் எவரிஸ்துவோடும் இரண்டு கரையிலும் அவற்றை எண்ணப் போகிறாள். ஒரு தாளில் முசவுலி என்றும் இன்னொன்றில் முசிவி என்றும் எழுதுகிறாள். எண்ணிக்கை மட்டும் இரண்டிலும் ஒன்றேயாக இருக்கிறதா என்று மூன்று தடவை சரிபார்க்கிறாள்.

இந்த வருடக் கூட்டம் அக்கரையில் நடந்தது. நானும் போயிருந்தேன். சகயோம்போ தன் லோசியிலும் லிஷோம்வா தன் முபுண்டாவிலும் பேசிக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை. ஒரு கூட்டுத் தேனீ ஆற்றைக் கடந்து வந்து மரம் மாறிவிட்டால் அது யாருடையது என்று வழக்கு. கலும்பு இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் அவள் முகம் வாடினாற்போல இருந்தது. பிறகு பின்னால் நகர்ந்து, ஒரு முசிவி மரத்தடியில் சாய்ந்து, தலைத் துணியைக் கண்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

லிஷோம்வா தேனீ என்பதற்குப் பதிலாக வேறு ஏதோ சொல்லிவிட்டார் போலிருக்கிறது. தேன்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துணிக்கு அடியில் கலும்புவின் உதடு அசைந்ததைப் பார்த்தேன். திருத்த எழுந்திருப்பாள் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு சீரானது. இரண்டு கிழவர்களும் அவள் தூங்குவதைக் கவனித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு வழக்கைத் தொடர்ந்தார்கள்.